எண்டுரோ 40க்குக் காத்தாடி 13ஆ, 11ஆ?

வான்கரை:
அண்ணைமார், யாழ்ப்பாணம் வடமராட்சிப் பக்கம் மீன்பிடித் தொழில் செய்கிறேன். போன மாதம் 23 அடி ஃபைபர் போட் ஒன்றை யமஹா எண்டுரோ 40 எஞ்சினோடு பழசாக வாங்கினேன். விற்றவர் வெறும் போட்டை ஓடிக் காட்டினார், பறந்தது. இப்போது மூன்று பேர், வழிவலை, ஐஸ் பெட்டி, இரண்டு கான் பெற்றோல் என்று ஏற்றினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது, மேலே எழும்புவதே இல்லை. பெற்றோலும் குடிக்கிறது. திருத்துபவர் ஒருவர் பிஸ்டன் றிங் போய்விட்டது என்கிறார். தண்ணீருக்குள் சுற்றிப் போட்டைத் தள்ளும் காத்தாடியில் (புரொப்பெல்லர்) 11 1/8 × 13 - ஜி என்று அடித்திருக்கிறது. அதை மாற்றிப் பார்க்கலாமா?

பழைய ஓட்டி:
தம்பி, றிங்கில் கை வைக்காதே. வெறும் போட்டில் பறக்கிறது என்று நீயே சொல்கிறாய், பிறகு எஞ்சினில் என்ன குறை?

முதல் எண் காத்தாடியின் விட்டம். இரண்டாவதுதான் உன் பிரச்சினை: வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற பிச் கணக்கு. பாரம் ஏற்றிய போட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் 13 அங்குலம் தள்ளு என்றால் எஞ்சின் முக்கும். முக்கி முக்கி ஓடினால் கரி பிடிக்கும், பிஸ்டன் சூடேறும். அப்படியே விட்டால் ஒரு நாள் றிங்கும் உண்மையிலேயே போகும்.

வாங்குவதற்கு முதல் அள. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும், பிளக் வயரில் சுற்றுகிற சின்ன மீற்றர் ஒன்றை இரவல் வாங்கு. இது டூ ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று மீற்றரைச் சரிசெய்யாவிட்டால் பாதிக் கணக்கோ இரட்டைக் கணக்கோ காட்டும். தொழிலுக்குப் போகிற முழுப் பாரத்தோடு, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து பார். கையேட்டில் 4500 முதல் 5500 வரை என்று இருக்கும். பிச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று 150, 200 கூடும்.

இன்னொன்று, நடுவில் இருக்கும் றப்பர் புஷ். அது வழுக்கினாலும் போட் எழும்பாது, ஆனால் அப்போது எஞ்சின் முக்காது, வீணாகக் கத்தும். உள் வளையத்திலிருந்து வெளி வளையம் வரை பெயின்ரால் ஒரு கோடு போட்டு ஓடிப் பார். திரும்பி வரும்போது கோடு முறிந்திருந்தால் புஷ்தான்.

நீலவலை:
ஸ்டெயின்லெஸ் போடுங்கள், பிளேடு மெல்லியது, வளையாது. நான் மாற்றிய பிறகு வேகம் நன்றாகக் கூடியது.

பழைய ஓட்டி:
நீர் எந்தக் கடலில் ஓடுகிறீர் என்று தெரியாது. எங்கள் பக்கம் கரைக்கு வரும் வானுக்குள் (பாறைகளுக்கு இடையே உள்ள வாய்க்கால்) நுழையும்போது இரண்டு பக்கமும் முருகைக்கல் (பவளப்பாறை). 2 வருடத்துக்கு முதல் வற்றுத் தண்ணீரில் நான் அடித்தேன். அலுமினியக் காத்தாடி, ஒரு பிளேடு பூவிதழ் போல மடிந்தது, சேதம் அதோடு நின்றது. ஸ்டெயின்லெஸ் மடியாது என்பதுதான் பயமே, அடி நேரே கியருக்குப் போகும். கியர்பெட்டி விலை கேட்டிருக்கிறீரா?

கடற்காகம்:
எஞ்சின் தொங்குகிற உயரத்தையும் பாருங்கள். காத்தாடிக்கு மேலே இருக்கும் தட்டு போட்டின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் திருப்பத்தில் காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். அப்புறம், காத்தாடியைக் கழற்றும்போது தண்டில் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒயில் சீலை அறுத்துவிடும். கியர் ஒயில் பால் போல வந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று.

வான்கரை:
நன்றி அண்ணைமார். கோடு முறியவில்லை. முழுப் பாரத்தில் 4200 சுற்று, வெறும் போட்டில் 5200. அடியில் பாசியும் சிப்பியும் இருந்தன, சுரண்டியதும் 4300 ஆனது. பிறகு மச்சானிடம் கிடந்த 11 5/8 × 11 - ஜியை இரவல் வாங்கிப் போட்டேன். பாரத்தோடு 4700! கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே எழும்பிவிட்டது. ஆனால் வலையை இறக்கிவிட்டு வெறுமையாக ஓடினால் 5500ஐத் தாண்டப் பார்க்கிறது, த்ரொட்டிலைக் குறைத்துப் பிடிக்கிறேன். தங்கூசியும் இருந்தது, ஒரு முழத்துக்கு மேல். ஒயில் நல்லாத்தான் வந்தது.

பழைய ஓட்டி:
வெறுமையாகப் போகிற நேரம் கையைக் கொஞ்சம் அடக்கு, அவ்வளவுதான். 12 கிடைத்தால் அதையும் ஒரு நாள் போட்டுப் பார், உன் பாரத்துக்கு இடையில் நிற்கலாம். பழைய 13ஐ விற்காதே, காத்தாடி நட்டைப் பூட்டும் கோட்டர் பின்னோடும் நட்டைக் கழற்றும் ஒரு சாவியோடும் போட்டிலேயே வை. மச்சானுக்கு அவருடையதைத் திருப்பிக் கொடு.

வான்கரை:
அவர் காசு கேட்கிறார் அண்ணை.