காசல்ரீ மீனவரைப் படமெடுப்பது: தோணியில் ஏறுவதா, கரையில் நிற்பதா?

நோர்வூட் ஒளிப்படக்காரர்:
காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறு தோணியில் வலைபோட்டுப் பிழைக்கும் ஒருவரின் தொழிலை, ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும் உடனிருந்து, ஒளிப்படமாகவும் காணொளியாகவும் பதிவுசெய்ய விரும்புகிறேன். அவரும் சம்மதித்திருக்கிறார். இலங்கையின் மலையகத்தைப் படமெடுக்க வருபவர்களில் பெரும்பாலானோர் தேயிலைக் கொழுந்துக் கூடையையும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலையும் தாண்டிப் போவதில்லை. மின்சாரத்துக்காக 1960களில் ஆறுகளை மறித்துக் கட்டிய காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் மீன்பிடித்துக் குடும்பம் நடத்துபவர்களும் இந்த மண்ணின் தொழிலாளர்கள்தான் என்பதை யாராவது காட்ட வேண்டும்.

தோணிக்குள் இருந்துதான் இதைப் படமாக்க முடியும் என்பது என் கருத்து. மாலையில் வலை இறக்குவதும் விடியுமுன் அதைத் தூக்குவதும் கரையிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் நிழலாட்டமாகவே தெரியும். பனிமூட்டத்துக்குள் தோணி மிதக்கும் அழகான படத்தை யாரும் எடுத்துவிடலாம். அதில் உழைப்பு இருக்காது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பொகவந்தலாவை ஆசிரியை:
நோக்கம் நல்லது, வழியை நான் ஏற்கவில்லை. புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்த அவருடைய கல்லறை எங்கள் ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. இங்கே அவர் படமெடுத்த தொழிலாளர்களின் முகங்கள் உலகத்து அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் எங்கும் இல்லை. படமெடுத்தவருக்குக் கல்லறை வாசகம்கூட இருக்கும்போது, படத்திலிருப்பவருக்குப் பெயரே இல்லாத இந்த வரலாற்றை மறந்துவிட்டுப் புதிதாக ஒரு மனிதரின் முன்னால் கருவியை நீட்டுவது எனக்குக் கவலை தருகிறது.

படம் தொழிலையே மாற்றிவிடும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. கொக்கலைக் கடற்கரையில் கம்பத்தில் அமர்ந்து தூண்டில் போட்டவர்களின் படம் உலகெங்கும் பரவிய பின்னர், இன்று அங்கே கம்பத்தில் ஏறுபவர்களில் பலர் சுற்றுலாப் பயணிகளின் காசுக்காகவே ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன்பிடி அங்கே காட்சிப்பொருளாகிவிட்டது.

இன்னொன்றையும் கேட்கிறேன். அந்தத் தோணியில் இருவர்தானே இருக்க முடியும்? நீங்கள் ஏறினால் இறங்குவது யார்? துடுப்புப் பிடிக்கும் உதவியாளரென்றால், அன்றைய மீனில் அவருடைய பங்கு என்ன ஆகும்?

நோர்வூட் ஒளிப்படக்காரர்:
பங்கு பற்றிய கேள்வி நியாயமானது. அதைப் பிறகு பேசுகிறேன். கேமரன் எடுத்துக்காட்டை மட்டும் நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். அன்றைய கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய நேரமெடுத்ததால், எதிரே இருப்பவர் அசையாமல் நிற்கவேண்டியிருந்தது. வேலை செய்யும் மனிதரை வேலையிலிருந்து நிறுத்தித்தான் அவரால் படமெடுக்க முடிந்தது. காணொளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வலையிலிருந்து திலாப்பியாவைக் கழற்றுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? செவுளைத் தாண்டிக் கண்ணி இறுகியிருக்கும். பின்னோக்கி இழுத்தால் முதுகு முள் விரிந்து வலையும் கிழியும், கையும் கிழியும். அந்த மீனவர் பெருவிரல் நகத்தால் ஓர் இழையை மட்டும் நெம்பி, முள்ளைப் படியவைத்து, மீனை முன்னோக்கித் தள்ளி எடுக்கிறார். கண்மூடித் திறப்பதற்குள் அது நடந்துவிடுகிறது, அதுவும் இருட்டில். ஒற்றைப் படம் அந்தக் கையைக் காட்டும், கைக்குத் தெரிந்ததைக் காட்டாது. அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை என்பதால்தான் காணொளியை வலியுறுத்துகிறேன்.

மஸ்கெலியா மீனவர் மகள்:
அண்ணனுக்கும் டீச்சருக்கும் வணக்கம். என் அப்பா மவுஸ்ஸாகலையில் வலைபோடுபவர். நீங்கள் இருவருமே தண்ணீரைத்தான் பார்க்கிறீர்கள். எங்கள் வீட்டில் தொழிலின் பாதி தரையில்தான் நடக்கிறது. கிழிந்த வலையை அம்மாவும் நானும் பொத்துகிறோம். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வரும் வியாபாரிதான் தராசும் பிடிக்கிறார், விலையும் சொல்கிறார். வலை வாங்க முற்பணம் தந்தவரும் அவரே என்றால், அந்த விலையை மறுத்துப் பேச அப்பாவால் முடியாது. இதைப் படமாக்காமல் நகத்தையும் கண்ணியையும் மட்டும் காட்டினால், மீனவர் திறமைசாலி என்று தெரியும்; அவர் ஏன் இன்னும் கடனாளி என்று தெரியாது.

பயமும் இருக்கிறது. இழுத்து அளக்கும்போது கண்ணி 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். ஒற்றை நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலைக்கும் தடை உண்டு. எல்லோருடைய வலையும் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் காணொளியில் வலை தெளிவாகத் தெரிந்தால் அதுவே சாட்சியாகிவிடும். மிதவை கிடக்கும் இடம் தெரிந்தால் வலைக்குத் திருடர் வருவர். இரவில் காவல் இல்லாத வலைதான் எங்கள் முழுச் சொத்து.

பொகவந்தலாவை ஆசிரியை:
தங்கை சொன்னதைப் படித்தபின் என் எதிர்ப்பு இன்னும் உறுதியாகிறது. “சம்மதித்திருக்கிறார்” என்று எழுதினீர்களே, எதற்குச் சம்மதித்தார்? படமெடுப்பதற்கா, அல்லது தன் கடனும் வலையும் முகமும் தெரியாதவர்களின் கைத்தொலைபேசிகளில் என்றென்றும் இருப்பதற்கா? முதல் நாள் தலையசைத்ததை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது. தொகுத்து முடித்ததை அவருடைய வீட்டிலேயே போட்டுக் காட்டி, அவரும் குடும்பத்தினரும் வேண்டாம் என்பதை வெட்டிய பிறகே வெளியிட வேண்டும்.

என்னைக் கேட்டால், கரையில் எடுத்த ஒளிப்படங்களும், அவற்றின் கீழே அவருடைய வாய்ச்சொல்லை அப்படியே எழுதிய குறிப்புகளும் போதும். பெயர் போடுவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

நோர்வூட் ஒளிப்படக்காரர்:
வீட்டில் போட்டுக் காட்டி வெட்டுவதை ஏற்றுக்கொள்கிறேன். மிதவைகளும் கரையின் அடையாளங்களும் தெரியாதபடி எடுப்பேன். தராசையும் வலை பொத்துவதையும் தங்கை சொன்னபடி சேர்த்துக்கொள்கிறேன். வியாபாரியின் முகம் அதில் வராது. ஆனால் கரையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. தோணி கவிழாமல் பக்கத்தில் மிதக்கும் மிதப்புக்கட்டையைத் தோணியோடு பிணைக்கும் கம்பில் சிறு கருவியொன்றைக் கட்டிவிட்டால் யாரும் இறங்கவேண்டியதில்லை, யாருடைய பங்கும் குறையாது. இருட்டில் படம் மங்கலாகத்தான் வரும். துடுப்பின் சத்தமும் அவர்கள் பேசிக்கொள்வதும் பதிந்தாலே எனக்குப் போதும்.

பொகவந்தலாவை ஆசிரியை:
அவர்கள் பேசிக்கொள்வது பதியும் என்பதே எனக்கு உறுத்துகிறது. எதிரே ஆள் இருந்தால் மனிதர் பார்த்துப் பேசுவார். கம்பில் கட்டிய கருவியைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவார். அந்த ஒலிப்பதிவை முழுவதுமாக அவருக்குப் போட்டுக் காட்டாமல் ஒரு வரியைக்கூட எடுக்கக்கூடாது. தோணிக்குள் கருவி வேண்டாம் என்ற கருத்தில் நான் மாறவில்லை.

மஸ்கெலியா மீனவர் மகள்:
என்னைப் பொறுத்தவரை கம்பில் கட்டுவது பரவாயில்லை, அப்பாவும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆனால், அண்ணன், கருவியைக் கட்டுவதற்கு முன்னால் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நம் நாட்டுக் குளங்களுக்கு 1952இல் கொண்டுவந்த திலாப்பியாதான் இன்றும் எங்கள் வலையில் கூடுதலாக விழுகிறது. 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் யார் தொழிலை விட்டார், யார் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதை எந்தக் கருவியாலும் இனிப் படமெடுக்க முடியாது. அன்று துடுப்புப் பிடித்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் உங்களை நானே அழைத்துப்போகிறேன்.