லேப்டாப்பில் 9, சர்வரில் 14: ஒரே மெத்தட், ஏன் இப்படி? (அவசர உதவி)

கோத்தகிரி_குளிர் | மாலை 6:12
பச்சைத் தேயிலைக்குத் தொகை கணக்குப் போடுகிற மெத்தட். அதன் சிக்கல் எண் முதலில் 38 இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து பிரித்துக் குறைத்துவிட்டேன். என் லேப்டாப்பில் 9 வருகிறது, ஆனால் சர்வரில் ஏற்றினால் 14 என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. எல்லை 10. கோடில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை, சரிபார்த்துவிட்டேன். திங்கட்கிழமை பட்டுவாடா. இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பச்சைமலை | 6:19
என்ன மொழி சகோ? 9 என்றால் எதில் 9? நெஸ்டிங் ஆழமா (இஃபுக்குள் இஃப்), சைக்ளோமேட்டிக் எண்ணா (கோடில் எத்தனை பாதை), காக்னிட்டிவ் எண்ணா (வாசிக்க எவ்வளவு சிரமம்)? ஒன்றுமே சொல்லாமல் எப்படிச் சொல்வது?

குன்னூர்_ஏற்றம் | 6:24
கேஷ்தான் (சேமித்து வைத்த பழைய நகல்), வேறெதுவும் இல்லை. சர்வர் பழைய கிளையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கும் இப்படி ஆகி ஒரு நாள் வீணாய்ப் போனது. கேஷை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆணிவேர் | 6:31
தம்பி, 38 வரைக்கும் ஒரு மெத்தடை வளரவிட்டதே முதல் தவறு. சைக்ளோமேட்டிக் எண்ணைக் கொண்டுவந்த தாமஸ் மெக்கேப் தன் 1976 கட்டுரையிலேயே 10 என்று எல்லை போட்டுவிட்டார். அடிப்படையைப் படிக்காமல் எண்ணைத் துரத்தினால் இப்படித்தான் ஆகும். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளாஸ் எழுதுங்கள், எல்லாம் தானாகச் சரியாகும்.

கோத்தகிரி_குளிர் | 6:50
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. மொழி பைத்தான். எண் சைக்ளோமேட்டிக். கேஷை அழித்துப் பார்த்தேன், அதே 14.

தனிச்சுழி | 6:54
லேப்டாப்பில் எந்தக் கருவி, சர்வரில் எந்தக் கருவி? முதலில் இதைச் சொல்லுங்கள்.

கோத்தகிரி_குளிர் | 7:03
எடிட்டரில் ரஃப். சர்வரில் எங்கள் டீம் லீட் வைத்தது, லாகில் ரேடான் என்று போட்டிருக்கிறது. இரண்டுமே மெக்கேப் எண்ணைத்தானே கணக்கிடுகின்றன?

மெத்தடில் இருப்பது இவ்வளவுதான். மாதத்தின் எடைச்சீட்டுகள் மேல் ஒரு லூப். சீட்டு ரத்தானதோ எடை பூஜ்யமோ என்றால் விட்டுவிடும். இலை ஈரம், மழை மாதம், மாதிரி எடை இல்லை என மூன்றும் சேர்ந்தால் ஈரக் கழிவு 5 சதவீதம். அப்புறம் விலை: தொழிற்சாலைக்கே கொண்டுவந்து போட்டால் ஒன்று, இலை வண்டியில் ஏற்றினால் ஒன்று, ஏஜென்ட் வழியாக வந்தால் ஒன்று. இஃப், எலிஃப், எலிஃப் (இப்படியானால், இல்லையேல் இப்படியானால்). கடைசியில் முன்பணம் இருந்து பாக்கியும் இருந்தால் ஒரு பிடித்தம், உரக்கடனோ நாற்றுக்கடனோ இருந்தால் இன்னொரு பிடித்தம். முன்பு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு படி உள்ளே போயிருந்தது. அதையெல்லாம் அண்ட் போட்டு ஒரே வரியாக்கினேன், ரஃப் எண் நன்றாக இறங்கியது.

தனிச்சுழி | 7:15
அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள்.

லூப் 1, ரத்து 1, ஈரம் 1, விலை 3, முன்பணம் 1, கடன் 1. மொத்தம் 8, மெத்தடுக்கென்று எப்போதும் வருகிற ஒன்றையும் சேர்த்தால் 9. ரஃப் சொல்வது இதுதான். ஒரு இஃபுக்குள் எத்தனை அண்ட், ஆர் இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. ரேடான் ஒவ்வொரு அண்டையும் ஆரையும் ஒரு முடிவாகவே (ஆமா, இல்லையா என்று பிரிகிற இடமாக) எண்ணும். உங்களிடம் ரத்தில் 1, ஈரத்தில் 2, முன்பணத்தில் 1, கடனில் 1. ஆக 5. ஒன்பதோடு ஐந்து பதினான்கு.

இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த இரண்டு இஃபை நீங்கள் அண்ட் போட்டு ஒட்டினீர்கள், ரஃபின் கண்ணுக்கு ஒரு முடிவு மறைந்துபோனது, ரேடான் கண்ணுக்கு அது அப்படியே இருக்கிறது. படிக்கிறவருக்கும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வரியைப் படிக்கிறவர் மூன்று கேள்வியையும் மனதில் பிடித்துக்கொண்டுதானே தாண்ட வேண்டும்?

ஆணிவேர் | 7:22
நான் சொன்னதும் இதுதான். 10-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனது எதுவும் நல்ல கோட் இல்லை.

பச்சைமலை | 7:30
ஆணிவேர் அண்ணா, 10 ஒரு மந்திர எண் இல்லை என்று மெக்கேப்பே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கேஸ்களை வரிசையாகப் பிரிக்கிற இடத்தில் எல்லையைத் தளர்த்தலாம் என்றும் விட்டிருக்கிறார். அவர் எண்ணியது பாதைகளை, எத்தனை டெஸ்ட் வேண்டும் என்பதற்காக. வாசிக்கிற சிரமம் வேறு கணக்கு. சோனார் நிறுவனம் காக்னிட்டிவ் என்று தனியாக ஒன்று கொண்டுவந்ததே அதற்காகத்தான். அதில் உள்ளே உள்ளே போகப்போக எண் ஏறும், ஒரே வகை அண்ட் வரிசையாக வந்தால் ஒன்றாகத்தான் எண்ணும்.

குளிர் சகோ, கிளாஸ் எதுவும் வேண்டாம். நான்கு கேள்விக்கும் நான்கு சின்ன ஃபங்ஷன், பெயர் வைத்து: செல்லாத_சீட்டா, ஈரக்_கழிவு_உண்டா, முன்பணம்_பிடிக்கணுமா, கடன்_பிடிக்கணுமா. 14 அப்போதே 9 ஆகிவிடும். மூன்று விலையையும், வகைக்கு ஒரு விலை என்று, ஒரு டிக்‌ஷனரியில் போட்டால் 6. உங்கள் கணக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அவரே மெத்தடைப் படித்துச் சரியா தவறா என்று சொல்லிவிடுவார்.

குன்னூர்_ஏற்றம் | 7:34
கோடில் தமிழ்ப் பெயரா? ஓடுமா?

பச்சைமலை | 7:36
பைத்தான் 3-இல் ஓடும். தொழிற்சாலையில் எல்லோரும் ‘ஈரக் கழிவு’ என்றுதான் சொல்கிறார்கள். இதற்கு ஒரு ஆங்கிலச் சுருக்கம் கண்டுபிடித்து வைத்தால் அடுத்து வருகிறவர் அதற்கு அர்த்தம் தேடி அலைய வேண்டும்.

கூடலூர்_மழை | 7:41
ஒரு சந்தேகம். மழை மாதம் என்று எதை வைத்திருக்கிறீர்கள்?

கோத்தகிரி_குளிர் | 7:45
6 முதல் 12 வரை. பழைய கோடில் 6 முதல் 9 வரை ஒரு இஃப், 10 முதல் 12 வரை வேறொரு இடத்தில் இன்னொரு இஃப். யாரோ பிறகு சேர்த்தது போலிருந்தது, ஒன்றாக்கிவிட்டேன்.

கூடலூர்_மழை | 7:49
அதுதான் கேட்டேன். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது, ஆனி, ஆடியில் கொட்டித் தீர்த்துவிடும். முதலில் எழுதியவர் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் கணக்கை வைத்து எழுதியிருப்பார். உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதானே கனமழை. அந்த இரண்டாவது இஃப் குப்பை இல்லை. ஏன் வந்தது என்று ஒரு வரி குறிப்பு எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆள் தூக்கிவிடுவார்.

தனிச்சுழி | 7:55
இதைக் கேட்டதும் ஒரு பயம் வருகிறது. 38-லிருந்து இறக்கும்போது பழைய மெத்தடும் புதிய மெத்தடும் ஒரே தொகை தருகின்றனவா என்று ஒப்பிட்டீர்களா? போன மாதச் சீட்டு எல்லாவற்றையும் இரண்டிலும் ஓட்டி, ஆள் வாரியாக வித்தியாசம் பாருங்கள். டெஸ்ட் இல்லாத கோடுக்கு அதைவிட நல்ல டெஸ்ட் கிடைக்காது.

கோத்தகிரி_குளிர் | 8:38
ஓட்டினேன். 214 பேரில் 63 பேருக்கு வித்தியாசம். கை நடுங்குகிறது. ஈரக் கழிவை லூப்புக்கு வெளியே எடுத்து, மாதக் கூட்டுத்தொகையில் ஒரே தடவை ரவுண்டு செய்திருக்கிறேன். பழையதில் சீட்டுச் சீட்டாக ரவுண்டு ஆகிறது. ஒருவருக்கு 31, 34, 37 கிலோ. கழிவு 1.55, 1.7, 1.85. ஒவ்வொன்றும் 2 ஆகி மொத்தம் 6 கிலோ. என் கணக்கில் 102-க்கு 5.1, அதாவது 5 கிலோ.

இலைக்கூடை | 8:46
அப்படியென்றால் இத்தனை காலமாக அந்த ஒரு கிலோ யார் கணக்கில் போனது? எங்கள் அம்மா நனைந்துகொண்டே பறித்த இலை அது. தேயிலை வாரியம் மாதா மாதம் விலை சொல்கிறது, அதை எல்லோரும் பார்க்கிறோம். எடையில் போவது சீட்டில் தெரிவதே இல்லை. நீங்கள் எழுதிய புதிய கணக்குதான் நியாயம், அப்படியே விடுங்கள்.

ஆணிவேர் | 8:52
கூடாது. ரீஃபாக்டர் என்றால் கோடை உள்ளே சீர்செய்வது, வெளியே வருகிற விடை ஒரு பைசாகூட மாறக் கூடாது. கணக்கை மாற்றுவது முதலாளியின் முடிவு, எடிட்டரில் உட்கார்ந்திருக்கிறவர் எடுப்பதல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இலைக்கூடை | 8:55
விடை மாறக் கூடாது என்றால், தவறான விடையும் மாறக் கூடாதா?

தனிச்சுழி | 9:04
இலைக்கூடை அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மாற்றினால் எல்லோருக்கும் லாபம் என்றும் இல்லை. 21, 24, 27 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுச் சீட்டாகக் கழித்தால் 1, 1, 1, மொத்தம் 3 கிலோ. மாதக் கூட்டில் 72-க்கு 3.6, அது 4 கிலோ. இவருக்கு ஒரு கிலோ நட்டம். இன்னொன்று, பைத்தானின் ரவுண்டு சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண் பக்கம் சாயும். 30 கிலோவுக்கு 1.5, அது 2 ஆகும். 50 கிலோவுக்கு 2.5, அதுவும் 2. கிராமோடு வைத்துக் கழித்தால் இந்தச் சண்டையே இல்லை, ஆனால் அதைத் தொழிற்சாலைதான் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் ஆணிவேர் சொல்வது சரி. குளிர், இன்றைக்குப் பழைய கணக்கை அப்படியே திருப்பிவையுங்கள். 63 பேர் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் தனியாகப் பேசுங்கள். இரண்டையும் ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) கலக்காதீர்கள்.

குன்னூர்_ஏற்றம் | 9:10
அப்போ கேஷ் இல்லையா?

தனிச்சுழி | 9:11
இல்லை.

இலைக்கூடை | 9:20
பட்டியலை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள் தம்பி.

கோத்தகிரி_குளிர் | ஞாயிறு காலை 10:05
ரேடான் 6. 214 பேருக்கும் பழைய தொகையே வருகிறது, வித்தியாசம் பூஜ்யம். லேப்டாப்பிலும் ரேடானே போட்டுக்கொண்டேன். மழை மாதத்துக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். 63 பேர் பட்டியல் பையில் இருக்கிறது, பட்டுவாடாவுக்கு முன்னால் பேசுகிறேன். எல்லோருக்கும் நன்றி.