வெஸ்ட்ஃபீல்டின் இரண்டு குரல்கள்: கில்ஸ்விட்ச் என்கேஜ் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

கடைசி பெஞ்ச்

என் பழைய கறுப்பு டீ-ஷர்ட்டை அம்மா போன வாரம் வண்டி துடைக்க எடுத்துட்டாங்க. கில்ஸ்விட்ச் என்கேஜ்ங்கிற அமெரிக்க மெட்டல் பேண்டோட கச்சேரிக்குப் போனப்ப, மாசசூசெட்ஸ்ல இருக்கிற வூஸ்டர் பல்லேடியம் அரங்கத்துல வாங்கினது. எழுத்துக் கூட்டிப் படிச்சா வொர்செஸ்டர்னு வரும், ஆனா அந்த ஊர்ல அப்படிச் சொன்னா சிரிப்பாங்க. அந்தத் துக்கத்துலதான் இதை ஆரம்பிக்கிறேன்.

2005 வாக்குல நான் அதே மாநிலத்துல ஆம்ஹெர்ஸ்ட்ல படிச்சுக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் கார்ல ஒரே ஒரு சீடிதான் கிடக்கும்: இவங்களோட 'அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீத்திங்' ஆல்பம். 2002ல வந்தது. முதல் பாட்டு 'நம்பர்ட் டேஸ்' ஆரம்பிச்சதும், இது வழக்கமான கத்தல்னு ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். நாலாவது பாட்டு 'மை லாஸ்ட் செரினேட்'. அதே தொண்டை திடீர்னு ராகமா பாட ஆரம்பிச்சது. "யாருடா இது?"ன்னு கேட்டேன். "ஜெஸ்ஸி லீச். இப்ப பேண்டுல இல்ல"ன்னான். பாட்டு பிடிச்ச அதே நிமிஷத்துல ஆள் போயாச்சுன்னு தகவல்.

ஆல்பம் வந்த சூட்டோட, கல்யாணமான புதுசுல, டூர் அலைச்சலும் தொண்டை வலியும் மன அழுத்தமும் தாங்காம, ஒரு மின்னஞ்சல் அனுப்பிட்டு விலகிட்டாராம். நேர்ல கூடச் சொல்லல. இதுல இன்னொரு கூத்து, இவங்க ஊரான வெஸ்ட்ஃபீல்ட் எங்க விடுதியிலிருந்து முக்கால் மணி நேரம்தான். அந்த ஆல்பம் பதிவானதும் அங்கதான், ஸிங் ஸ்டுடியோவுல.

பல்லேடியத்துக்குப் போனப்ப மைக்கைப் பிடிச்சிருந்தது, ஜெஸ்ஸி இடத்துக்கு வந்த ஹோவர்ட் ஜோன்ஸ். மூணாவது பாட்டுல என் கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. முழுக் கையும் பச்சை குத்தின அஞ்சு பேர் உடனே கைகோத்து வட்டமா நின்னுட்டாங்க. ஒருத்தர் முட்டி போட்டுத் தேடி எடுத்து, சட்டையில துடைச்சு என் மூக்குல மாட்டி விட்டார். அடுத்த நொடியே அதே ஆள் என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போனார். கண்ணாடி மறுபடி கிடைச்சப்ப மேடையில முதல்ல தெரிஞ்சது, தோள்ல சால்வை மாதிரி ஒரு கேப்பைக் கட்டிக்கிட்டு அரைக்கால் சட்டையில துள்ளுற கிட்டாரிஸ்ட் ஆடம் டுட்கீவிச்.

சரி, உங்களுக்கு முதல்ல வந்தது எந்தக் குரல்? ஜெஸ்ஸியா, ஹோவர்டா?

டொரொன்டோ பொடியன்

எனக்கு ஹோவர்ட்தான். நான் பாட்டுக்காகப் போகேல்ல, படத்துக்குத்தான் போனனான். 2004இல வந்த 'ரெசிடென்ட் ஈவில்: அபோகலிப்ஸ்' எங்கட டொரொன்டோவில எடுத்த படம். எங்கட சிட்டி ஹோலைச் சுத்திப் பிணங்கள் எழும்பித் திரியிறதைப் பாக்கத்தான் நானும் அண்ணாவும் போனது. பிறகு அந்தப் படத்தின்ர பாட்டுச் சீடியை அண்ணா வாங்கினவர். அதிலதான் இவையின்ர 'தி எண்ட் ஆஃப் ஹார்ட்டேக்' பாட்டு இருந்தது.

ஹோவர்டின்ர குரல் அடிவயித்தில இருந்து வாறது. கோரஸ் பாடேக்க ஒரு தேவாலயத்தையே நிரப்பிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில இப்பிடியான பேண்டுகளில ஒரு கறுப்பினப் பாடகரைக் காணுறதே அரிது. அந்தப் பாட்டுக்குக் கிராமி பரிந்துரை கிடைச்சது. ஆனா 2005இல பரிசு போனது மோட்டர்ஹெட் எண்ட பேண்டுக்கு, அதுவும் மெட்டாலிக்கா எண்ட இன்னொரு பேண்டின்ர பாட்டொண்டைத் திருப்பிப் பாடினதுக்கு! அண்ணாவுக்கு அந்தக் கோவம் இண்டைக்கும் ஆறேல்ல.

உண்மையைச் சொன்னா, பிறகு பழைய ஆல்பத்தைக் கேட்டபோது ஜெஸ்ஸிதான் எனக்குப் போலி ஆள் மாதிரித் தெரிஞ்சவர்.

தடித்த கம்பி

குரல் சண்டையில நான் இல்லை. எனக்கு இந்த பேண்டுன்னா ஆடம்தான். முதல் ரெண்டு ஆல்பத்துல டிரம்ஸ் வாசிச்சவர் இவர். அப்புறம் டிரம்ஸை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு, இன்னொரு கிட்டாரிஸ்டான ஜோயல் ஸ்ட்ரோட்ஸல் பக்கத்துல கிட்டாரோட வந்து நின்னுட்டார். ரெக்கார்டிங்கும் அவரேதான். 'அலைவ்' ஆல்பத்தை மிக்ஸ் பண்ணது மட்டும் இங்கிலாந்துல, ஆண்டி ஸ்னீப்.

நான் கல்லூரியில இருந்தப்ப 'மை லாஸ்ட் செரினேட்' வாசிக்கணும்னு வெறி. அவங்க டிராப் சி-யில, அதாவது கம்பிகளை வழக்கத்தைவிடச் சுருதி இறக்கி வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும், என் கிட்டார்ல இருந்த மெல்லிசுக் கம்பிகளோட சுருதியை அப்படியே இறக்கிட்டேன். தொளதொளன்னு கொடியில காயப்போட்ட கயிறு மாதிரி ஆடுது. மீட்டினா கொர்ர்னு ஒரு சத்தம், சுருதியே நிக்கல. கடைக்காரர் பார்த்துட்டு, "தம்பி, கீழ இறக்கணும்னா கம்பி தடியா இருக்கணும்"னு ஒரு செட்டை எடுத்துக் கொடுத்தார். அது கிட்டார் கழுத்தோட மேல் முனையில கம்பி உட்கார்ற நட்டுக் காடிக்குள்ள நுழையல. அரத்தை எடுத்து நானே ராவினேன். ஆழம் ஜாஸ்தியாயிடுச்சு. அந்த கிட்டார் இப்பவும் பரண்லதான் கிடக்கு.

மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இந்த மெட்டல்கோர் இசைக்கு ஒரு கையெழுத்து உண்டுன்னா அதுல பாதி இவருடையது. அனெர்த், ஆல் தட் ரிமெய்ன்ஸ்னு பல பேண்டுகளுக்கு தயாரிப்பாளர். ஆஸ்திரேலியாவோட பார்க்வே டிரைவ் கூட 2005ல முதல் ஆல்பத்துக்கு இவர்கிட்டதான் வந்தாங்க. வரி வரியாக் கத்தல், கோரஸ்ல மட்டும் வானம் திறந்த மாதிரி ஒரு பாட்டு, அப்புறம் நடை வேகத்துக்கு இறங்கி அடிக்கிற அந்தக் கனமான பகுதி. இப்ப எல்லாரும் பண்றாங்க, சலிச்சும் போச்சு. அன்னைக்கு அது புதுசு.

சீடி ஏமாளி

முதல் ஆல்பத்துக்கும் (2000) 'கில்ஸ்விட்ச் என்கேஜ்'னு பேரு, 2009ல வந்ததுக்கும் அதே பேரு! நண்பனோட பிறந்தநாளுக்குப் பழசுன்னு நினைச்சுப் புதுசை வாங்கிக் கொடுத்து அசிங்கப்பட்டவன் நான். வேற அனுபவம் இல்லை. 2009 ஆல்பம் எனக்கு ரொம்ப வழவழன்னு இருக்கு, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு டீச்சர்

நான் ஜெஸ்ஸி பக்கம். காரணம் இசை இல்லை, தொண்டை.

ஒரு வகுப்பில் 52 பிள்ளைகள். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது பாதியில் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. ஒரு மாதம் பேசக் கூடாது என்றார் மருத்துவர். பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்து, "மிஸ், நீங்க திட்டாம இருக்கிறது பயமா இருக்கு" என்றான்.

அந்த மாதத்தில் காதுக்கு வேலை நிறைய. அப்போதுதான் ஜெஸ்ஸியுடைய கதையைப் படித்தேன். 2012 ஜனவரியில் ஹோவர்ட் விலகுகிறார். டைப் 2 நீரிழிவு தன்னை எப்படி வாட்டியது என்று பிறகு அவரே சொன்னார். பத்து வருடத்துக்கு முன் மின்னஞ்சலில் போன ஜெஸ்ஸி திரும்பி வருகிறார். அந்த வருடக் கடைசியில் 'அலைவ்' ஆல்பத்தை முழுசாக மேடையில் பாடுகிறார்கள். 2013இல் 'டிசார்ம் தி டிசென்ட்' ஆல்பம். 2018இல் ஜெஸ்ஸிக்குக் குரல்நாணில் அறுவைசிகிச்சை. பேச்சையே மறுபடி பழக வேண்டியிருந்தது. அடுத்த வருடம் 'அடோன்மென்ட்' வருகிறது. அதில் 'தி சிக்னல் ஃபயர்' பாட்டில் ஜெஸ்ஸியும் ஹோவர்டும் சேர்ந்தே பாடுகிறார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்தவர்கள், பக்கத்தில் நின்று.

எனக்குக் குரல் திரும்பிய அன்று முதலில் சொன்னது "உள்ளேன் ஐயா சொல்லுங்க" என்பதுதான். கரகரவென்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டொரொன்டோ பொடியன்

டீச்சர், நான் ஜெஸ்ஸியைப் போலி எண்டு சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். அண்ணா எடுக்க மாட்டார்.

கடைசி பெஞ்ச்

டீச்சர் சொன்னதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி 'தி சிக்னல் ஃபயர்' போட்டேன். அம்மா பக்கத்துல பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆர்வமா விளக்கினேன்: இவர் முதல்ல இருந்தவர், விட்டுட்டுப் போயிட்டார், அவர் இடத்துக்கு இவர் வந்தார், இவரும் போனார், பழையவர் திரும்பி வந்தார், இப்ப ரெண்டு பேரும் ஒண்ணாப் பாடுறாங்க.

பாட்டு முடியிற வரைக்கும் பொறுமையாக் கேட்டாங்க.

"ரெண்டு பேரா? ஒருத்தன்தான் கத்துறான்னு நினைச்சேன்."