பழைய மின்சூளுக்குப் புதுக் குமிழ்: ‘பதிலிக்குமிழ்’ பொருந்துமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழைக்குமிழ் (கம்பியிழை பல்பு) போட்ட பழைய மின்சூளில் (டார்ச் விளக்கில்) எல்.ஈ.டி. வகைக் குமிழைப் பொருத்துவது பற்றிய சிறு கைந்நூலுக்காக, அந்தப் புதுக் குமிழுக்கு நாம் தேடிவரும் பெயருக்கு இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன: மாற்றுக்குமிழ், ஈட்டுக்குமிழ், மீள்பொருத்து விளக்கு, ஒளியுமிழ் பல்பு. நான்கையும் ஒரு கிழமையாக மனத்தில் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பழைய மின்சூள் ஒன்றைக் கழற்றியும் பூட்டியும் பார்த்த பின்னரே இம்மடலை எழுதுகிறேன். பொருளைக் கையில் எடுக்காமல் பெயர் வைக்கப் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியல்களிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

முதலில் ‘மின்சூள்’ என்ற சொல்லைப் பற்றி. நம் குழுமத்துக் கோவை அம்மையார் ‘சூள்’ என்றால் சபதம் அல்லவா, சூளுரை என்று வழங்குகிறோமே, கைவிளக்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தார். சபதம் என்ற பொருளில் வரும் சூள் வேறு, தீப்பந்தம் என்ற பொருளில் வரும் சூள் வேறு. வடிவத்தில் ஒன்றான இரு சொற்கள் அவை. காய்ந்த ஓலையை இறுகக் கட்டிக் கொளுத்தியது சூள். அதைப் பிடித்துக்கொண்டு இரவில் முழங்கால் அளவு நீரில் இறங்கி நண்டும் இறாலும் பிடித்த கதையைத் திருகோணமலைக் கரையோரத்து முதியவர்களிடம் கேட்கலாம். அந்தச் சூளின் இடத்துக்கு மின்சாரம் வந்ததும் மின்சூள் ஆயிற்று. இலங்கைப் பாடநூல்களில் பயின்ற எவருக்கும் இச்சொல் பழக்கமானது. கடையில் ‘டோச் லைற்’ என்றுதான் கேட்போம் என்பதையும் மறைக்கவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் பக்கத்தில் ஒருமுறை ‘மின்சூள், அதாவது டார்ச் விளக்கு’ என்று எழுதிவிட்டால் போதும் என்பது என் கருத்து.

இனிப் பொருளுக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது மாமா விட்டுச்சென்ற, மூன்று பெரிய பற்றரி போடும் இரும்பு மின்சூள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது அலுமாரியின் அடித்தட்டிலிருந்து வெளியே எடுத்தேன். உள்ளே என்றோ போட்ட நாக (துத்தநாக) மின்கலங்கள் பொசிந்து, அடிச்சுருளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பின் அது மின்னைக் கடத்தியது. தலைப்பகுதியைத் திருகிக் கழற்றினால், வெள்ளி பூசிய கிண்ணம் போன்ற, ஒளியைத் திருப்பிவிடும் தெறிப்பி. அதன் அடித்துளைக்குள் கழுத்தில் தகட்டு வளையம் மாட்டிய ஒரு சிறு குமிழ். அந்த வளையத்தைப் பற்றித்தான் நீங்கள் சற்று நேரம் சிந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் நாம் தேடும் சொல்லின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

மின்சூள் குமிழ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 10 மில்லிமீற்றர் அளவிலான மரை வெட்டிய திருகுக்குமிழ். மற்றையது, 13.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள விளிம்பு வளையத்தோடு வருவது. இதன் உலோகப் பகுதியில் பீ.ஆர்.2, பீ.ஆர்.3 என்பன போன்ற குறிகளைப் பொறித்திருப்பார்கள். இரண்டு மின்கல மின்சூளுக்கான பீ.ஆர்.2 குமிழின் அளவு 2.38 வோல்ற்று, 0.5 அம்பியர், மூன்று மின்கலத்துக்கான பீ.ஆர்.3 குமிழ் 3.57 வோல்ற்று. ஒரு மின்கலம் 1.5 வோல்ற்று என்று படித்தவர்களுக்கு 3, 4.5 என்றல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். புதிய மின்கலத்திலும் அரை அம்பியர் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அதன் அழுத்தம் இறங்கிவிடும் என்பதைக் கணக்கில் எடுத்தே குமிழைச் செய்திருக்கிறார்கள். வளையத்துக்கும் தங்குதன் இழைக்கும் இடையிலான தூரம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர், என்று கட்டுப்படுத்தப்பட்டது. வளையம் தெறிப்பியின் அடியில் அமர்ந்த உடனேயே இழை பரவளைவின் குவியத்தில் போய் நிற்கும். யார் மாட்டினாலும், எந்த அவசரத்தில் மாட்டினாலும், இழை அந்த இடத்தில்தான் நிற்கும். ஆகவே இக்குமிழ் வெளிச்சத்தைத் தருவதோடு, அது எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதையும் தானே தீர்மானிக்கிறது.

புதிதாக வரும் எல்.ஈ.டி. குமிழும் அதே வளையத்தோடு, அதே கழுத்தளவோடு வருகிறது. அடிப்புறம் பார்த்தால் வேறுபாடு தெரியாது. மேற்புறத்தில் கண்ணாடியும் இழையும் இல்லை. ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் இருக்கும். நீல ஒளி தரும் இருவாயியின் (டையோடின்) மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியே வெள்ளை ஒளியைப் பெறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் இருவாயி 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நீலத்துக்குத்தான் 2014இல் மூன்று யப்பானிய வம்சாவளி அறிவியலாளர்களுக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் வாங்கியதைப் பூட்டி ஆளியை (சுவிட்சை) தள்ளியபோது எரியவில்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே மின்கலங்களை வெளியே எடுத்தபோதுதான், மூன்றையும் மொட்டை அடி குமிழின் பக்கம் பார்க்கும்படி தலைகீழாக அடுக்கியிருந்தது நானே என்று தெரிந்தது. இழைக்குமிழாக இருந்தால் இது வெளியே வந்திருக்காது, ஏனெனில் இழைக்கு மின்னோட்டம் எந்தத் திசையில் வந்தாலும் ஒன்றுதான். இருவாயி அப்படியன்று, ஒரு வாயால் வாங்கி மறு வாயால் விடும், திசை மாறினால் விடாது. திருப்பி அடுக்கியதும் அறை வெளுத்தது.

அன்றிரவே டச்சுக் குடாக் கரைக்கு எடுத்துச் சென்றேன். அயல்வீட்டு மீனவர் ஒருவரும் கூட வந்தார். கரையில் நின்று, நங்கூரமிட்டிருந்த படகுகளை நோக்கி அடித்தோம். காலடியில் இருந்த மணலும் வலையும் பகல் போலத் தெரிந்தன. படகின் நிறம் தெரியவில்லை. அவர் மின்சூளை வாங்கி மேலும் கீழும் ஆட்டிவிட்டுச் சொன்னார்: “கிட்டக் கண்ணைக் கூசுது சேர், எட்ட ஒண்டும் தெரியேல்ல.” பழைய குமிழைப் போட்டு அடித்தபோது மங்கலான மஞ்சள் வெளிச்சம்தான், ஆனால் அது ஒரு கோலைப் போல நீண்டு படகின் பக்கத்தைத் தொட்டது.

காரணம் எளிது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும்; அதில் பெரும்பகுதி தெறிப்பியில் பட்டு ஒரே திசையில் திரும்பும். தட்டையான இருவாயி முன்பக்கமாகவே வீசுவதால் ஒளியில் கணிசமான பங்கு தெறிப்பியைத் தொடாமலே வெளியேறி அகலமாகச் சிதறுகிறது. போதாக்குறைக்கு மஞ்சள் புள்ளி குவியத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளியிருந்தாலும் வெளிச்சத்தின் நடுவில் கருவட்டம் விழுகிறது. சிறு தூணொன்றின் பக்கங்களில் இருவாயிகளைப் பதித்து, இழையைப் போலவே பக்கவாட்டில் வீசச் செய்தவை ஓரளவு நன்றாக இருக்கின்றன. ஒளியின் மொத்த அளவில் மட்டும் போட்டியே இல்லை: பீ.ஆர்.2 குமிழ் ஏறத்தாழ 1.2 வாற்று எடுத்து 10 லூமன் அளவே தரும். வாற்றுக்கு 100 லூமன் தரும் இருவாயிகள் இன்று சாதாரணம்.

மின்கல எண்ணிக்கையும் சிக்கல்தான். வெள்ளை இருவாயிக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். இரண்டு மின்கலம் சற்றுத் தளர்ந்தாலே அது கிடைக்காது. எனவே இரண்டு மின்கலத்துக்கான குமிழின் கழுத்துக்குள்ளேயே அழுத்தத்தை உயர்த்தும் சுற்றொன்று இருக்க வேண்டும். மூன்றுக்குச் செய்ததை இரண்டில் போட்டால் மங்கும். இரண்டுக்குச் செய்ததை ஆறில் போட்டால் ஒரு நொடி நன்றாக எரியும், பிறகு எரியாது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாம் பெயரிடப் போகும் பொருள் பழையதன் இருக்கையில் அப்படியே அமர்கிறது, ஆனால் பழையதன் குணம் அதற்கு இல்லை. சொல்லில் முதலாவது பாதி தெரிந்தாக வேண்டும். இரண்டாவது பாதியைச் சொல் மறைக்கக் கூடாது.

‘மாற்றுக்குமிழ்’ இந்தச் சோதனையில் தோற்கிறது. ஒரு பீ.ஆர்.3 கருகினால் இன்னொரு பீ.ஆர்.3 வாங்கிப் போடுகிறோமே, அதுவும் மாற்றுக்குமிழ்தான். ‘ஒளியுமிழ் பல்பு’ எல்லாப் பல்புக்கும் பொருந்தும். ஒளியை உமிழாத பல்பை எவர் வாங்குவார்? எல்.ஈ.டி.யின் பெயர் தமிழ்நாட்டில் உமிழ்கிறது, இலங்கையில் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று காலுகிறது. இரண்டிற்கும் அகராதியில் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அந்தச் சண்டையை இன்று தொடங்க வேண்டாம். ‘மீள்பொருத்து விளக்கு’ மின்சூளையே பிரித்து, கம்பி மாற்றி, புதிய தெறிப்பி வைக்கும் பெரிய வேலைக்குத் தக்க பெயர். நாம் பேசுவதோ ஒரு நிமிட வேலை. ‘ஈட்டுக்குமிழ்’ அழகாக இருக்கிறது, ஈடு என்பதில் சமம் என்ற பொருளும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஈடு வைப்பது நகையை. ஈட்டுக்குமிழ் என்றால் அடகுக் கடையில் மீட்கப்படாமல் கிடக்கும் குமிழ் என்றே என் மனைவி முதலில் விளங்கிக்கொண்டார். அதோடு, டச்சுக் குடாக் கரையில் கண்டபடி, அது ஈடானதும் அன்று.

என் முன்மொழிவு ‘பதிலிக்குமிழ்’. இலங்கையில் பதில் அதிபர் (தற்காலிகத் தலைமையாசிரியர்), பதில் நீதவான் என்று நாள்தோறும் வழங்குகிறோம். பதில் அதிபர் அதே கதிரையில் இருப்பார், அதே பதிவேட்டில் கையெழுத்து வைப்பார். அதனால் அவர் பழைய அதிபர் ஆகிவிடுவதில்லை, பாடசாலையும் பழையபடி நடக்கும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. இதைவிடப் பொருத்தமான உறவு நம் பொருளுக்குக் கிடைக்காது. பதிற்குமிழ் என்று புணர்த்தி எழுதலாம் என்றாலும் வாசிப்பவர் தடுக்கி விழுவார். பதிலி என்ற பெயரே போதும். தேவையான இடத்தில் ‘இருவாயிப் பதிலிக்குமிழ்’ என்று விரித்துக்கொள்ளலாம். கழுத்து வளையத்துக்குக் ‘குவியவளையம்’ என்றும் முன்மொழிகிறேன், அதன் தொழில் குவியத்தைக் காப்பது என்பதால்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

சூள் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். எங்களூரில் பதில் என்றால் விடை. தற்காலிகமாகப் பதவி வகிப்பவரைப் ‘பொறுப்பு’ என்போம். ஆயினும் கணினித் துறையில் பதிலி என்ற சொல் ஏற்கெனவே வேறொன்றின் இடத்தில் நின்று செயல்படுவதைக் குறிப்பதால், எங்கள் வாசகருக்கும் விளங்கும். எனது மறுப்பு பின்பாதியைப் பற்றியது. குமிழ் என்பது நீர்க்குமிழி போல் ஊதிய கண்ணாடியைக் கண்டு வைத்த பெயர். கண்ணாடியே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கும்போது, இல்லாத ஒன்றின் பெயரைப் புதிய சொல்லுக்குள் ஏன் ஏற்ற வேண்டும்? பதிலிவிளக்கு என்று வைத்தால் என்ன?

கோவையிலிருந்து

*

அம்மா, வணக்கம்.

மறுப்பு நியாயமானது, இரண்டு நாள் விடை தெரியாமல் இருந்தேன். விளக்கு என்று வைத்தால் மின்சூள் முழுவதையும் மாற்றுவதாகவே வாசகர் கொள்வார், அது முதல் இடர். இரண்டாவது, குமிழ் என்பது நீர்க்குமிழியை மட்டும் குறிப்பதன்று. மரப் பாதுகையில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் நிற்பதும் குமிழ்தான். அதில் காற்றும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கழுத்தும் தலையுமாக ஓரிடத்தில் பதிந்து நிற்கும் சிறு உருவத்துக்கு அப்பெயர் பழையது. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால், இன்று கையில் வைத்திருக்கும் இந்த உலோகத் துண்டுக்குக் கண்ணாடிக் குமிழைவிட அது நன்றாகவே பொருந்துகிறது.

நீங்கள் உடன்பட்டால் பதிவை இவ்வாறு எழுதலாம்: “பதிலிக்குமிழ்: மின்சூளின் இழைக்குமிழ் இருந்த இடத்தில், வேறு மாற்றம் எதுவும் செய்யாமல் பொருத்தத்தக்க, வேறு வகை ஒளிமூலம் கொண்ட குமிழ். மின்கல எண்ணிக்கையும் மின்கலத்தின் திசையும் பார்த்துப் பொருத்துக.” கடைசி வாக்கியம் வரைவிலக்கணத்தில் இருக்கக் கூடாது என்று சிலர் சொல்லக்கூடும். நான் தலைகீழாக அடுக்கிய அனுபவத்தின் பின் அதை எடுக்க எனக்கு மனமில்லை.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. வெளிச்சத்தின் நடுவில் விழும் கருவட்டத்துக்கு நம் பட்டியலில் சொல் இல்லை. ‘மையநிழல்’ என்று குறித்து வைத்திருந்தேன். அது நிழலன்று, ஒளி வந்து சேராத இடம் மட்டுமே என்பதால் அடித்துவிட்டேன். அயல்வீட்டு மீனவரிடம் சுவரில் அடித்துக் காட்டியபோது அவர் யோசிக்காமலே “கண் விழுந்திருக்கு” என்றார். ‘ஒளிக்கண்’ என்றால் ஒளி வரும் கண் என்று தவறாகக் கொள்வார்கள்; ஆகவே ‘கருங்கண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருப்பின் வெள்ளிக்கிழமைக்கு முன் அறியத் தாருங்கள், அன்றுதான் அந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து