"பழைய ரெஜிஸ்டர் இல்ல"ன்னு சொன்னா அப்படியே திரும்பி வந்துடாதீங்க: மும்பை ஸ்கூல் ரெக்கார்ட் அனுபவங்கள்

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் இருக்கிற நம்மாளுங்களுக்கு இது என்னைக்காவது தேவைப்படும், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். பொண்ணோட காலேஜ் அட்மிஷனுக்காக ஜாதி சர்டிபிகேட் போட்டோம். இங்க எஸ்.சி.ன்னா 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னாடியே குடும்பம் மகாராஷ்டிராவுல இருந்துச்சுன்னு காட்டணும், ஓ.பி.சி.க்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. எங்க தாத்தா சின்னப் பையனா திருநெல்வேலிலேர்ந்து வந்து இங்க முனிசிபல் ஸ்கூல்ல படிச்சவரு, ஆனா அவரோட தாக்லாவும் (ஸ்கூல் விட்டப்போ குடுக்குற சர்டிபிகேட்) இல்ல, அந்தக் காலத்து வாடகை ரசீதும் இல்ல, குடிசைல மழைக்கும் தீக்கும் தப்பிச்சு எந்தப் பேப்பர் நிக்கும் சொல்லுங்க, சேர்ந்த பிள்ளைங்க விவரத்தை ஸ்கூல்ல எழுதி வெக்கிற ஜெனரல் ரெஜிஸ்டர் (ஜி.ஆர்.) ஒண்ணுதான் எங்களுக்கு வழி.

அந்த ஸ்கூல இப்ப வேற ஸ்கூலோட சேர்த்துட்டாங்க. போய்க் கேட்டா கிளார்க் நிமிர்ந்துகூடப் பாக்காம "அவ்ளோ பழசெல்லாம் 2005 வெள்ளத்துல போயிருக்கும்"னுட்டாரு. 2005 ஜூலை 26-ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை பெஞ்சது, நிறைய இடத்துல பேப்பர் நாசமானது எல்லாம் நெசம்தான், ஆனா அந்த ஸ்கூல்ல ரெக்கார்ட் ரூம் மாடில, மாடிக்கு எப்படிங்க வெள்ளம் வரும்? "போயிருக்கும்"னு சொன்னா ஆச்சா, போச்சுன்னு எழுதிக் குடுங்கன்னு நின்னேன். எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அங்க வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு சிபாயி (பியூன்) அண்ணன்தான், ஸ்கூல சேர்த்தப்போ ரெண்டு பீரோ எந்தக் கட்டடத்துக்குப் போச்சுன்னு ஞாபகம் வெச்சு சொன்னாரு. அந்தப் பக்கத்து ஸ்கூல்களைப் பாத்துக்கிற பீட் ஆபீசர்கிட்ட மனு குடுத்து, அவரு லெட்டர் போட்டு, பீரோவைத் திறந்தாங்க. தாத்தா பேரு, அவங்க அப்பா பேரு, ஜாதி, பொறந்த ஊரு, சேர்ந்த தேதி எல்லாம் ஒரே வரில இருந்துச்சு. ஹெட்மாஸ்டர் சீல் போட்டு உதாரா (அந்த வரியோட நகல்) குடுத்துட்டாரு. அந்தப் பக்கத்தோட கீழ்ப்பாதிய கரையான் தின்னுருந்துச்சு. அதுல இருந்த பிள்ளைங்களோட பேரன் பேத்தியும் எங்கேயோ இதே மாதிரி அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்கல்ல, அத நெனச்சாத்தான் மனசு ஆறல.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க, எந்த ஆபீஸ்னு பேரு வேணாம், எப்படி வாங்குனீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

----

அண்ணே, எங்களுக்கு ஆர்.டி.ஐ.தான் (தகவல் உரிமைச் சட்டம்) கைகுடுத்துச்சு. மனுல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அப்பா படிச்ச வருஷம், எந்த கிளாஸ், தோராயமா ஜி.ஆர். நம்பர் இவ்வளவும் எழுதினோம். 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும்ல, "ரெக்கார்ட் கிடைக்கவில்லை"ன்னு ஒரு வரில முடிச்சுட்டாங்க. முதல் அப்பீல்ல நாங்க அந்த ரெஜிஸ்டரயே கேக்கல. அழிச்சீங்கன்னா எந்த உத்தரவுல, யாரு கையெழுத்துல அழிச்சீங்க, அந்த லிஸ்ட்ட குடுங்கன்னு கேட்டோம். 2005-ல மகாராஷ்டிராவுக்குன்னே பொது ஆவணச் சட்டம் ஒண்ணு வந்துருக்கு, சர்க்கார் பேப்பர இஷ்டத்துக்கு கிழிச்சுப் போட முடியாது. லிஸ்ட் கேட்ட கொஞ்ச நாள்லயே ரெஜிஸ்டர் கிடைச்சிருச்சு. ஏழைங்க அப்பீல் வரைக்கும் வரமாட்டாங்கங்கிற தைரியத்துலதான் முதல்ல அப்படி பதில் போடுறாங்கன்னு நான் நெனைக்கிறேன்.

----

நான் தமிழ் மீடியத்துல டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவ, ரெக்கார்டும் என் பொறுப்புலதான் இருந்துச்சு. இங்க சர்க்கார் பேப்பருக்கெல்லாம் வகுப்பு உண்டுப்பா. மராத்தி எழுத்துல அ வகுப்புன்னா நிரந்தரம், ப வகுப்பு 30 வருஷம், கடைசில ட வகுப்பு ஒரே வருஷம்தான். ஜெனரல் ரெஜிஸ்டர் நிரந்தரமா வெக்க வேண்டியது. ஹாஜிரி கேட்லாக்க (வருகைப் பதிவேடு) கொஞ்ச வருஷம் போனதும் கழிச்சுடலாம், ஆனா ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டிப் போட்டா கழிக்கிற நாள்ல ஆள் பிரிச்சா பாப்பான், பழைய பேப்பர் வாங்குற ரத்திக்காரனுக்கு மொத்தமா போயிரும். நான் ஜி.ஆர். மட்டும் தனி இரும்பு பீரோவுல, தரைலேர்ந்து தூக்கி வெச்சு, மழைக்கு முன்னாடி ஒரு தடவை வெயில் காட்டுவேன். 2015-ல பிள்ளைங்க விவரத்தை ஏத்துற சர்க்காரோட சரல் போர்ட்டல் வந்ததும் "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, இது எதுக்கு டீச்சர்"னு கேட்டாங்க. அதுல ஏறினது அப்ப படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளைங்க விவரம். 1960-ல, 70-ல படிச்சவங்க இன்னும் அந்தக் காகிதத்துலதான் இருக்காங்க. அதையும் ஸ்கேன் பண்ணணும், பண்ணினாலும் ஒரிஜினல தூக்கிப் போடக்கூடாது.

----

ஜாதி சர்டிபிகேட்டுக்கு மட்டும் இல்ல மக்கா. எங்க சால்ல (வரிசை வீட்டுக் குடியிருப்புல) ஒரு பையன போலீஸ் ஒரு அடிதடி கேஸ்ல தூக்கிட்டுப் போயி 19 வயசுன்னு எழுதிட்டாங்க. 2015 சிறார் நீதிச் சட்டம் 94-வது பிரிவுப்படி சந்தேகம் வந்தா வயசுக்கு முதல்ல பாக்க வேண்டியது ஸ்கூல்ல குடுக்கிற பொறந்த தேதி சர்டிபிகேட் அல்லது எஸ்.எஸ்.சி. (பத்தாவது) சர்டிபிகேட்தான், அது இல்லன்னாத்தான் முனிசிபாலிட்டி பர்த் சர்டிபிகேட், அதுவும் இல்லன்னாத்தான் எலும்பு டெஸ்ட். ஹெட்மாஸ்டர் அன்னைக்கே ஜி.ஆர். எடுத்துக் குடுத்தாங்க, பதினேழு கூட முடியலன்னு தெரிஞ்சு கேஸ் சிறார் போர்டுக்கு மாறிச்சு. அந்த புக்கு மட்டும் இல்லன்னா பையன் பெரியவங்களோட ஜெயில்ல கெடந்திருப்பான்.

----

என் அக்காவுக்கு பாஸ்போர்ட்டுக்கு தாக்லா வேணும், ஆனா ஸ்கூலயே இடிச்சுட்டாங்க, ரெஜிஸ்டர் எங்கன்னு வார்டு ஆபீஸ்லயும் தெரியல. என்ன பண்றது டீச்சர்?

----

அக்கா 7-வது முடிச்சு எந்த ஹைஸ்கூல்ல சேர்ந்தாங்கன்னு கேளும்மா. சேரும்போது குடுத்த பழைய ஒரிஜினல் தாக்லாவ அந்த ஸ்கூல்தான் வாங்கி ஃபைல்ல வெச்சிருக்கும், அவங்க ஜி.ஆர்.லயும் முந்தின ஸ்கூல் பேரு, பொறந்த தேதி எல்லாம் ஏறியிருக்கும். சேர்ந்த வருஷத்த எழுதிக்கிட்டுப் போ, அட்மிஷன் ஃபைல வருஷவாரியாதான் கட்டியிருப்பாங்க.