புதுப்பிப்பு: நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த என் மகள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் மகளின் கல்லூரிப் படிப்பு பாதிக்கப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அவள் சேர்ந்துவிட்டாள். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு என்றாலும், பாடங்களுக்கு நேரம் போதுமானதாகவே இருக்கிறது.

நான் எதிர்பாராதது அவளிடம் வந்த மாற்றம். முகாமில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரித்தபோது, முன்பின் அறியாத பெரியவர்களிடம் கேள்வி கேட்பதைவிட, அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பதே கடினமாக இருந்தது என்றாள். வகுப்பில் எழுந்து பேசவே தயங்கியவள், இப்போது குழுவினருக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாள். முடியாததை முடியாது என்று பொறுப்பாசிரியரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்கிறாள். சான்றிதழைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த ஆண்டும் தொடர்கிறாள்.