எக்ஸ்கேட்: கூடுதல் ஆர்பிஎம்கள் டிஸ்க்லெஸ் இமேஜில் ஏறவில்லை

கேள்வி
எக்ஸ்கேட் என்ற கிளஸ்டர் நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். கம்ப்யூட் நோடுகள் (கணக்கிடும் கணினிகள்) எல்லாம் டிஸ்க்லெஸ்; வட்டு இல்லாமல், நெட்வொர்க்கில் இறக்கும் சிஸ்டம் இமேஜை ரேமில் வைத்து ஓடுபவை. லினக்ஸ் டிஸ்ட்ரோவில் இல்லாத 3 ஆர்பிஎம்களை (பேக்கேஜ் கோப்புகளை), கூடுதல் பேக்கேஜ்களுக்கான அதர்பேக்கேஜ் டைரக்டரிக்குள் 'டிரைவர்' என்றொரு துணை ஃபோல்டரில் போட்டு, பெயர்களை அதர்பேக்கேஜ் லிஸ்டில் எழுதினேன். இமேஜைக் கட்டும் ஜென்இமேஜ் கட்டளையை ஓட்டினால் பேக்கேஜே இல்லை என்கிறது. நோடுகளும் பழைய இமேஜில்தான் எழுகின்றன. எங்கே கோட்டைவிட்டேன்?

பதில் 1
லிஸ்டில் வெறும் பெயர் போதாது. 'டிரைவர்/பேக்கேஜ்பெயர்' என்று பாதையோடு எழுதுங்கள்; எந்த ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) தேடுவது என்பது அந்த முன்பகுதியை வைத்துத்தான். ஆர்பிஎம் என்ற வால் வேண்டாம். ரெப்போவின் அட்டவணையை உருவாக்கும் கிரியேட்ரெப்போவை அந்தத் துணை ஃபோல்டருக்குள்ளேயே ஓட்டுங்கள். புது ஆர்பிஎம் போடும் ஒவ்வொரு முறையும் இது வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

பழைய இமேஜ் விஷயம் வேறு. ஜென்இமேஜ் ரூட் மரத்தை (இமேஜின் கோப்பு அமைப்பை) மட்டும் கட்டும். நோடு இறக்கிக்கொள்வது பேக்இமேஜ் சுருட்டித் தரும் கோப்பை. அதையும் ஓட்டி, நோடு எந்த இமேஜில் எழ வேண்டும் என்று சொல்லும் நோட்செட் கொடுத்து, ரீபூட் செய்யுங்கள்.

கேட்டவர்
பாதை சேர்த்ததும் மூன்றும் ஏறிவிட்டன, நன்றி. ஆனால் அதில் ஒன்று டிகேஎம்எஸ் டிரைவர், அதாவது கெர்னலுக்கு ஏற்ப மாட்யூலைக் கட்டிக்கொள்ளும் வகை. நோடில் மாட்யூலை ஏற்றும் மோட்ப்ரோப் கொடுத்தால் மாட்யூல் இல்லை என்கிறது.

பதில் 2
எதிர்பார்த்ததுதான். பேக்கேஜ் ஏறியதும் ஓடும் போஸ்ட் ஸ்கிரிப்ட், சிரூட்டுக்குள் (இமேஜின் மரத்தையே ரூட்டாகக் காட்டும் சூழலுக்குள்) ஓடுகிறது. அங்கே 'யூநேம் -ஆர்' கேட்டால் வருவது, இமேஜைக் கட்டும் மேனேஜ்மென்ட் நோடின் கெர்னல் எண், இமேஜின் கெர்னல் அல்ல. மாட்யூல் தவறான கெர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கும், அல்லது ஹெடர் கிடைக்காமல் சத்தமின்றித் தோற்றிருக்கும். இமேஜ் கெர்னலுக்கான டெவல் பேக்கேஜை (ஹெடர்கள் உள்ளதை) முதலில் ஏற்றிவிட்டு, டிகேஎம்எஸ்ஸுக்கு '-கே' கொடுத்து இமேஜ் கெர்னலின் எண்ணையே சொல்லுங்கள். இதை இமேஜின் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் வைத்தால் அடுத்த முறையும் தானாக நடக்கும். வரிசை முக்கியமான பேக்கேஜ்களை லிஸ்டில் 'நியூ இன்ஸ்டால் லிஸ்ட்' குறி போட்டுப் பிரிக்கலாம்; ஒரு தொகுதி முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்.

பதில் 3
ஒன்று சேர்க்கிறேன். லிஸ்டிலிருந்து ஒரு வரியை அழித்தால் பேக்கேஜ் போய்விடாது, பழைய ரூட் மரத்திலேயே கிடக்கும். பெயருக்கு முன் கழித்தல் குறி போடுங்கள், அல்லது மரத்தை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நான் இரண்டாவதையே செய்வேன்.

கம்பைலர், எம்பிஐ (நோடுகளுக்கிடையே தகவல் பரிமாறும் நூலகம்) போன்ற கனமானவற்றை இமேஜில் திணிக்காதீர்கள், ஒவ்வொரு நோடிலும் ரேமைத் தின்னும். என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வில்) பகிர்ந்து, பயனரின் பாதைகளை அமைக்கும் மாட்யூல்ஃபைல் வழியாகக் கொடுங்கள். அப்டேட்நோட் கட்டளையால், ஓடிக்கொண்டிருக்கும் நோடில் நேரடியாக ஏற்றுவதும் சோதனைக்கு மட்டும்தான். டிஸ்க்லெஸ்ஸில் ரீபூட் ஆனதும் காணாமல் போகும்.